டொபி வீடுகள்

11 ஜூன் 1961, ஞாயிறு

நேற்று ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து பங்களாவில் சாமான் விற்றார்கள். துரை குடும்பத்தோடு இங்கிலாந்து போகிறார். எல்லோரும் கட்டிலையும் அலுமாரியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நேரே கணப்படுப்பின் மேல்தட்டுக்குப் போனேன். எதிர்பார்த்தது வீண்போகவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வீடு. கையால் செதுக்கிய மரம். மாணாப் புல் வேய்ந்தது போன்ற கூரை, வெள்ளைச் சுவர், கறுப்பு உத்தரங்கள், வாசலில் ஏறிப் படர்ந்த ரோசா. திருப்பிப் பார்த்தால் பின்கதவும் இருக்கிறது, கதவடியில் ஒரு வாளி. யாரும் பார்க்காத பக்கத்தில் வாளி வைத்த அந்த ஆள் யாரோ, அவனைக் காண வேண்டும் போலிருந்தது.

என் மனைவி ஸுலைஹா பார்த்ததும் தொடங்கினாள். "இன்னொண்டா? குடியிருக்க ஒரு எறும்புகூட இல்ல. கூட்டித் தொடைக்க மட்டும் நான்!" திட்டிக்கொண்டே நல்ல துணியாக எடுத்துத் துடைத்து வைத்தாள். எங்கள் அலுமாரியின் மேல்தட்டு எப்போதோ நிறைந்துவிட்டது. போன வருஷக் கடைசியிலிருந்து கீழ்த்தட்டில்தான் வைக்கிறேன்.

அவளுக்கு மூத்தவரான நானா கலந்தர் மச்சான் வந்திருந்தார். "வெள்ளக்காரனயே அனுப்பியாச்சி. அவன்ட ஊட்ட மட்டும் நீங்க ஏன் கட்டிப் புடிச்சிட்டு ஈக்கிறீங்க?" என்றார். எனக்கு இங்கிலாந்து போகும் ஆசை கிடையாது, குளிர் ஆகாது. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் காலோடு கால் இடிக்கப் படுத்து வளர்ந்தவன் நான். ஒரு வீட்டைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்ப்பது சுகமாயிருக்கிறது. அவ்வளவுதான்.

மகள் றஹீமாதான் கைதட்டினாள். மூன்று வயது. அவளுக்கு இவை எல்லாம் "டொபி ஊடு", மிட்டாய் வீடு. நிறத்தைப் பார்த்துச் சொல்கிறாள்.

25 ஜூன்

கீழ்த்தட்டில் இரண்டு மூன்று வீடுகளில் பூச்சு உரிந்திருக்கிறது. புகைபோக்கி, வேலி, ஜன்னல் சட்டம் எல்லாம் வெறும் மரமாக. மாத்தளையில் இந்த மாதத்து ஈரம் எதைத்தான் விட்டது. கடையில் ஒரு டின் வெள்ளை உடைத்துக் கொண்டு வந்து, பின்னேரம் முழுவதும் உட்கார்ந்து பூசினேன். ஹார்ட்வெயார்க் கடை வைத்திருப்பதில் இந்த ஒரு வசதி. றஹீமா பக்கத்தில் குந்தி, காய வேண்டுமென்று ஊதிக்கொண்டே இருந்தாள்.

நல்ல ஞாயிற்றுக்கிழமை.

9 ஜூலை

ரிவர்ஸ்டன் பக்கம் ஹார்டிங் துரையின் பங்களாவுக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோனேன். துரைசானி என்னை உள்ளே கூப்பிட்டு, தன்னிடமுள்ள மர வீட்டை இன்னொரு முறை காட்டினாள். ஆலை வீடு, பக்கத்தில் தண்ணீர்ச் சக்கரம், விரலால் தொட்டால் சுற்றுகிறது. நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்: "விக்க மாட்டேன் ஸக்கரியா. இது பேரனுக்கு." நாலு வருஷமாக விற்க மாட்டேன்தான்; பேரன் பிறந்த பிறகு காரணமும் சேர்ந்துகொண்டது. நானும் நாலு வருஷமாகக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் றஹீமாவுக்கு வயிற்றுவலி. சோறு வேண்டாமாம். பூச்சியாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தோம்.

20 ஜூலை

பூச்சி மருந்துக்கும் கேட்கவில்லை.

2 ஆகஸ்ட், புதன்

பிள்ளை வெளிறிப்போயிருக்கிறாள். தொட்டதற்கெல்லாம் அழுகை. இன்று இரண்டு முறை சத்தி எடுத்தாள், குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. நன்றாக ஓடித் திரிந்தவள் தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கலந்தர் மச்சானின் மனைவி மஸீஹா, கண்ணூறு என்கிறாள். லெப்பையிடம் ஓதி ஒரு நூல் கொண்டு வந்து கட்டினாள். கட்டட்டும். எனக்கும் வேறு என்ன தெரிகிறது?

ஸுலைஹா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அழுகிறாளா என்று கேட்கத் தைரியம் இல்லை.

11 ஆகஸ்ட், வெள்ளி

கண்டி ஆஸ்பத்திரி விறாந்தை.

ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வாறேன், வாசலிலேயே ஸுலைஹாட சத்தம். புள்ள தரையில. கை கால் வெட்டி வெட்டி இழுக்குது. கண் மேல போயிட்டுது. வாயில நுரை. நான் தூக்கினேனா, ஸுலைஹா தூக்கினாளா, ஒண்டும் ஞாபகம் இல்ல. கலந்தர் மச்சான் கார் கொண்டு வந்தார். வழி முழுக்க ஹோர்னில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

யா அல்லாஹ், அவ ஒரு சின்னப் புள்ள.

12 ஆகஸ்ட்

இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சு இருக்கிறது.

13 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

பிள்ளைகள் வார்ட்டுக்கு ஒரு டொக்டர் நோனா இருக்கிறார். கட்டையான பெண், நரைத்த கொண்டை. காலையில் வந்து றஹீமாவின் உதட்டை விரலால் ஒதுக்கி, டோர்ச் அடித்து ஈறைப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். பல்லடியில் நீலக் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு. பிறகு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். எல்லாம் சிங்களத்தில்தான்.

"பிள்ளை மண் தின்னுமா? சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னுமா?"

இல்லை என்றாள் ஸுலைஹா.

"பெயின்ட் அடிச்ச தொட்டில் இருக்கா? பெயின்ட் அடிச்ச விளையாட்டுச் சாமான்?"

அதற்கும் இல்லை என்றாள். என் வாய் தானாகத் திறந்தது. "வீடுகள்," என்றேன். அவர் சுவர் என்று நினைத்துக்கொண்டார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். இவ்வளவுதான், மர வீடுகள், வெள்ளைக்காரர் செய்தவை, நான் சேர்க்கிறேன், கீழ்த்தட்டில் இருக்கின்றன, பூச்சு உரிந்தால் நானே பூசுவேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தப் பெயின்ட்டில ஈயம் இருக்கு. ஈயம் இரத்தத்தில ஏறி மூளைக்குப் போயிருக்கு. அதுதான் வலிப்பு," என்றார். "பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை. ஈயப் பூச்சு நாக்குக்கு இனிக்கும்."

இனிக்கும்.

டொபி ஊடு. பிள்ளை என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். எத்தனை மாதமாகச் சொல்லியிருக்கிறாள். நான் சிரித்தேன்.

ஈரம் உரிக்கவில்லை. அவள் நக்கியிருக்கிறாள், கடித்திருக்கிறாள். அவள் தின்று முடிக்க முடிக்க, கடையிலிருந்து புது டின் உடைத்துக் கொண்டு வந்து மறுபடி பூசி வைத்திருக்கிறேன். பரிமாறியிருக்கிறேன்.

ஸுலைஹா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனாலும் — எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது — அந்த நேரம் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கண்ணூறா, மூளைக்காய்ச்சலா, பரம்பரை வலிப்பா என்று மூன்று நாளாக இருட்டில் தடவிக்கொண்டிருந்தோம். இப்போது அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. டொக்டர் நோனாவும் எழும்பும்போது சொன்னார்: "காரணம் தெரியாம இருந்திருந்தா நான் என்ன செய்வேன்? இதுக்கு மருந்து இருக்கு. கொழும்பில இருந்து எடுப்பிக்கிறேன்."

மருந்து இருக்கு. மருந்து இருக்கு. விறாந்தையில் நடந்து நடந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

15 ஆகஸ்ட்

மருந்து ரயிலில் வந்து சேர்ந்தது. ஊசி. குத்தும்போது பிள்ளை முனகினாள். வலித்து முனகுகிறாளே, அதற்கே அல்ஹம்துலில்லாஹ்.

18 ஆகஸ்ட், வெள்ளி

பேசிவிட்டாள்!

காலையில் நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள். றஹீமா கண்ணைத் திறந்து, தட்டைப் பார்த்து, நர்ஸைப் பார்த்து, "போ" என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். ஆனால் தெளிவான "போ". நர்ஸ் கோபிக்கவில்லை, தட்டை வைத்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் எழும்பி வந்து ஸுலைஹாவைக் கட்டிக்கொண்டாள். மொழி தெரியாதவள், அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

பின்னேரம் றொட்டியும் சீனிச் சம்பலும் கேட்டாள். றொட்டி கூடாதாம், கஞ்சிதான். கஞ்சியைப் பார்த்து அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டோம். இதைவிட நல்ல சத்தம் கேட்டதில்லை.

கலந்தர் மச்சான் வந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே போனார். போனவரைக் காணவில்லை என்று தேடினால், காருக்குள் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், "வெய்யில் கண்ணுக்கு ஆகுதில்ல" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது.

20 ஆகஸ்ட், ஞாயிறு

மாத்தளைக்கு வந்தேன். பிள்ளை திரும்பி வருவதற்குள் வீடுகளை அப்புறப்படுத்த வேண்டும். நான் எரிப்பதாக இருந்தேன். டொக்டர் நோனா எரிக்கக் கூடாது என்றார், புகையும் நஞ்சாம். கிணற்றுக்குத் தூரமாக, ஆழமாகப் புதைக்கச் சொன்னார்.

கடையில் வேலை செய்கிற லெட்சுமணன் மண்வெட்டியோடு வந்தான். அலுவிகாரைக்கு அப்பால் எனக்குள்ள மிளகுத் தோட்டத்தின் மேட்டில் குழி வெட்டினோம். அவன் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினான். "மொதலாளி, இத்தன வருசம் சேத்தது... வேற யாருக்காவது குடுத்துறலாமுங்களே?" என்றான்.

"யாருக்கு லெட்சுமணா? அவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குமே."

"அது சரிதாங்க" என்று இன்னும் ஒரு முழம் ஆழமாக வெட்டினான்.

ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தேன். உண்மையை எழுத வேண்டும். வாளி வைத்த வீடு. உயரத்தில் வைத்துப் பூட்டினால் என்ன என்று ஓர் எண்ணம். துடைத்துப் பார்க்கிறேன், புகைபோக்கியில் நாலு சின்னக் குழி. மேலே இரண்டு, கீழே இரண்டு. றஹீமாவின் பல்.

அதை முதலில் போட்டேன். மற்றவை அதன் மேல்.

மண் மூடி மிதித்துவிட்டு நிமிர்ந்தபோது உடம்பு இலேசாக இருந்தது. கவலைப்படுவேன் என்று நினைத்துத்தான் போனேன். கவலை வரவில்லை. பசி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

2 செப்டம்பர்

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். வெற்று அலுமாரியைப் பார்த்து, "ஊடெல்லாம் எங்க வாப்பா?" என்றாள். போயிட்டுது என்றேன். "வெள்ளக்காரன் கூடவா?" என்றாள். ஆம் என்றேன். அத்தோடு மறந்துவிட்டாள்.

17 செப்டம்பர்

நடை சரியாகி வருகிறது. ஸுலைஹாதான் சரியாகவில்லை.

திட்டுவதில்லை. பத்து வருஷமாகத் திட்டு வாங்கியே பழகியவன் நான். செருப்பை நடுவில் விட்டால், குடையை மறந்தால், சும்மா இருந்தால்கூட. இப்போது செருப்பை அவளே எடுத்து ஓரமாக வைக்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில். பிள்ளையையும் ஒரு வார்த்தை அதட்டுவதில்லை. அவள் பீங்கான் கோப்பையை உடைத்தபோதும் பேசாமல் பொறுக்கினாள். மூச்சுப் பட்டால் பிள்ளை கரைந்துவிடும் என்பது போலப் பார்க்கிறாள்.

இன்று நானே கேட்டேன். "ஏசிப் போடு ஸுலைஹா. நான் செஞ்சதுக்கு ஏசு."

"ஏச என்ன ஈக்கி?" என்றாள். "நானும்தானே தூசி தட்டித் தட்டி வெச்சேன். புள்ள கையில குடுத்து, 'உம்மா வேல முடிச்சிட்டு வாறேன், இத வெச்சி வெளயாடு' எண்டு நான்தானே சொன்னேன்."

இதை இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் மேல் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். எவ்வளவு மடையன். "ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழும்பிப் போகவில்லை அவள்.

1 அக்டோபர்

கடைக்கு மாரியாயி வந்தாள், கோவில் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருப்பவள். மகளுக்குப் பிரசவமாம், பழைய தொட்டிலுக்குப் பூச ஒரு டின் பச்சை வேண்டுமாம்.

"தொட்டிலுக்குப் பூசாதீங்க. புள்ள கடிக்கும். அதில ஈயம் ஈக்கி" என்றேன்.

"என்னங்க மொதலாளி, பெயின்ட் விக்கிற கடையில பெயின்ட் வேணாங்கிறீங்க? அப்ப நான் எங்க போறது, மருந்துக் கடைக்கா?"

நடந்ததைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "புள்ள பொழச்சிருச்சில்ல? அது போதும் சாமி" என்று சொல்லிவிட்டு, தொட்டிலுக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் வாங்கப் போனாள். எனக்கு வியாபாரம் போயிற்று. சந்தோஷம்.

அவள் போன பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. ஹார்டிங் துரைசானி. பேரன்.

14 அக்டோபர், சனி

ரிவர்ஸ்டனுக்குப் போய் வந்தேன். மேலே ஒரே பனி; பங்களா வாசலுக்கு வந்த பிறகுதான் பங்களாவே தெரிந்தது. விறாந்தை முழுக்கப் பெட்டிகள். அவர்களும் அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறார்களாம். ஆலை வீடு மேசையில் இருந்தது, வைக்கோல் சுற்றத் தயாராக.

துரைசானி என்னைக் கண்டதும் சிரித்தாள். "நான் போகுது எண்டு கேட்டு வந்ததா? இல்ல ஸக்கரியா, இன்னும் விக்கிறது இல்ல."

"வாங்க வரல்ல, மெடம். பேரனுக்கு எத்தின வயசு?"

"ரெண்டு வயசு."

எனக்குத் தெரிந்த ஆங்கிலம், அவளுக்குத் தெரிந்த தோட்டத் தமிழ் இரண்டையும் சேர்த்து எல்லாம் சொன்னேன். ஈறில் கோடு. வலிப்பு. புகைபோக்கியில் பல். நடுவில் அவள் முகம் இறுகியது; இங்கிலாந்தில் செய்த சாமானில் நான் குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. சொல்லி முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆலை வீட்டை எடுத்தாள். சக்கரத்தை ஒருமுறை சுற்றினாள். கையை முந்தானை இல்லாத அந்தக் கவுனில் துடைத்துக்கொண்டாள்.

"உன் மகள் இப்ப எப்பிடி?"

"நல்லம். ஓடித் திரியிறா."

"இத சொல்ல மட்டுமா இவ்வளவு தூரம் வந்தது?"

"ஆமா மெடம்."

வீட்டை என் பக்கம் நீட்டினாள். "நீ எடு. காசு வேணாம். உனக்குப் பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

நாலு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. என் கை நகரவில்லை. கையை நான் அடக்கினேன் என்று சொன்னால் பொய். அது சும்மா மடியில் கிடந்தது. "வேணாம் மெடம்" என்றேன். அவளுக்கும் புரிந்தது. கண்ணாடிப் பெட்டி செய்து, அதற்குள் வைத்து ஆணியடித்துக் கொண்டுபோவதாகச் சொன்னாள். பையன் வளர்ந்து பெரியவனான பிறகுதான் திறப்பார்களாம். திரும்பும்போது ஒரு கூடை பஷன் பழம் கொடுத்தாள். பிள்ளைக்கு என்றாள்.

பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டேன். நடத்துனர் தட்டி எழுப்பினான். இப்படித் தூங்கி எவ்வளவு காலம்.

20 நவம்பர்

கண்டி. மறுபடி இரத்தம் பார்த்தார்கள். டொக்டர் நோனா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இனி என்னிடம் வர வேண்டாம்" என்றார். ஒரு டொக்டர் இதைச் சொல்லி நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை. "பள்ளிக்கூடம் போகும்போது படிப்பு ஓடுகிறதா என்று கவனியுங்கள். எனக்குப் பயமில்லை. வாயாடுகிறாளே," என்றார். வெளியே வந்து ரயில் வரும்வரை றஹீமா ஸ்டேஷன் மேடையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். ஸுலைஹா பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு நடந்தாள், விழுந்தால் ஏந்த.

28 ஜனவரி 1962, ஞாயிறு

காலையில் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வளவில் படார் என்று ஒரு சத்தம், அடுத்த நொடி றஹீமாவின் ஓலம். ஓடினேன். பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி, கிளை முறிந்து விழுந்திருக்கிறாள். முழங்காலில் சிராய்ப்பு. சட்டை கிழிந்து தொங்குகிறது. கையில் ஒரு காய், அதை மட்டும் விடவில்லை.

எனக்கு முன்னால் ஸுலைஹா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கி நிறுத்தினாள். கை, கால், தலை என்று தடவிப் பார்த்தாள். பிறகு முதுகில் நன்றாக ஒன்று வைத்தாள்.

"கொரங்கு! அடுத்தவங்கட மரத்தில ஏறுறியா? பொம்புளப் புள்ளையா நீ? புதுச் சட்ட!" என்று தொடங்கி, என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒருத்தர்! புள்ள மரத்தில ஏறுது, மனுஷன் பேப்பருக்குள்ள தலய விட்டுட்டு ஈக்கிறார். செருப்பக் கழட்டிப் போட்டீக்கிற லெச்சணத்தப் பாருங்க, ஒண்டு வாசல்ல, ஒண்டு முத்தத்தில! இந்த ஊட்ல எல்லாத்தையும் நான் ஒருத்தியா பாக்க ஏலுமா?"

றஹீமா அழுகையை நிறுத்திவிட்டு, உம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொய்யாக்காயைக் கடித்தாள்.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று, கடைசிவரை கேட்டேன்.